சிக்கனம் படிக்கும் தீவு

ஒக்டோபர் முதலாந் திகதி சிறுவர் தினம். அன்று வங்கிகளில் சின்னதுகளுக்குத்தான் மரியாதை. மன்னாரிலும் உண்டியலை உடைத்துக்கொண்டு வருவார்கள். காசைக் கட்டினால் தண்ணீர்ப் போத்தலோ கொப்பியோ இனாம். சேமிப்பின் மகிமை பற்றி ஒரு பிரசங்கமும் உண்டு, அதுவும் இனாம்தான்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்தக் கணக்கில், கட்டின காசைவிடக் கையில் தந்த போத்தல்தான் உருப்படியான முதலீடு. அதற்கு முந்தின மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. மண்ணெண்ணெயில் ஓடும் அப்பாவின் படகு கரையில் குந்தியிருக்க, பிள்ளைக்குச் சிக்கன வகுப்பு!

சிக்கனம் சொல்லித்தர அரசாங்கத்துக்குத் தகுதி இல்லாமலா? வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் அது. 1905 இல் மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு அமோகம். அடுத்த வருடமே முத்துப்பார்களை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். 1907 க்குப் பிறகு வாருவதற்குச் சிப்பி இல்லை. குத்தகைக் கடதாசி மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. பொன்முட்டைக் கோழியை விற்றவனுக்கும் நட்டம், வாங்கினவனுக்கும் நட்டம்.

பிறகு 2022 ஏப்ரல் 12. வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டமாட்டோம் என்று நாடே அறிவித்தது. இதையே மன்னார்ப் பேசாலைப் பெடியன் ஒருத்தன் பள்ளிக்கூடக் கன்டீனில் சொல்லியிருந்தால், அடுத்த நாள் தாய் தகப்பனோடுதான் வந்திருக்க வேண்டும்.