பைக்கைக் கொஞ்சம் நகர்த்துங்க

சாரல் இறங்கி, குற்றாலம் களைகட்டியதும் தென்காசிப் பக்கம் மூன்று வகை ஆட்கள் வருவார்கள். குளிக்க வருகிறவர்கள், பார்டர் கடையில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட வருகிறவர்கள், கிராமத்தைப் படம் பிடிக்க வருகிறவர். இந்த மூன்றாமவர் எத்தனை பேராக வந்தாலும் ஒருவர்தான். அதே தொப்பி, அதே பல பைகள் வைத்த கால்சட்டை, முதுகில் அதே கறுப்பு மூட்டை. ஊர்ப் பையன்கள் அவருக்குக் 'கேமரா அண்ணாச்சி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி: "அசல் கிராமம் எங்க இருக்கு?"

"எல்லாம் அசல்தான் சார். நீங்க எந்த மாதிரி எதிர்பாக்கிய?"

அவர் எதிர்பார்ப்பது ஆட்டோக்காரருக்கும் தெரியும். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சுந்தரபாண்டியபுரத்துக்கு வண்டியைத் திருப்புவார். 1992-இல் வந்த 'ரோஜா'வில் கதாநாயகியின் ஊர் இதுதான். 2005-இல் வெளியான 'அந்நியன்' பாட்டுக்காக இங்கே வந்த ஷங்கர் குழுவினர் பாறைகளில் நடிகர்களின் முகங்களைப் பெரிது பெரிதாக எழுதிவிட்டுப் போனார்கள். அண்ணாச்சி அந்தப் பாறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே மாட்டார். செயற்கையாம். சினிமா காட்டிய ஊரைத் தேடித்தான் வந்திருக்கிறார். சினிமா பூசிய சாயம் மட்டும் ஆகாது!

தெருவுக்குள் நுழைந்ததும் வேலை தொடங்கும். ஓட்டு வீடு, திண்ணை, மரத்தூண், எல்லாம் மனசுக்குப் பிடித்திருக்கிறது. திண்ணைக்கு முன்னால் ஒரு பல்சர் நிற்கிறது.

"தம்பி, பைக்கைக் கொஞ்சம் நகர்த்துங்க."

பைக் போனால் நீல பிளாஸ்டிக் டிரம் தெரிகிறது. டிரம் போனால் சுவரில் கட்சிச் சின்னம். அதை மறைக்க ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் கூரையில் டிஷ். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மருமகள் வேடிக்கை பார்க்க வருகிறாள். அவளையும் உள்ளே போகச் சொல்கிறார். இப்படி ஒவ்வொன்றாக வெளியே தள்ளியபின் மிஞ்சுவதுதான் அசல் கிராமம். அதில் குடியிருக்க யாராலும் முடியாது. படம் மட்டும் எடுக்கலாம்.

கடைசியில் திண்ணைக்கு வருகிறாள் பாட்டி. அண்ணாச்சியின் முகம் மலர்கிறது. பாட்டியோ, படம் என்றதும் எழுந்து உள்ளே போகப் பார்க்கிறாள். பேரன் துபாயிலிருந்து கொண்டுவந்த சேலை பெட்டியில் கிடக்கிறதே!

"வேண்டாம் பாட்டி, இந்தச் சேலையே போதும். சிரிக்காதீங்க. தூரமாப் பாருங்க. கொஞ்சம் சோகமா."

"ஏய்யா, யாரும் செத்துட்டாவளா?"

"இல்ல பாட்டி, சும்மா."

"எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தானய்யா இருக்காவ. நான் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடணும்?"

படத்துக்குத் தலைப்பு 'காத்திருப்பு'. அதில் பொய் ஒன்றும் இல்லை. உள்ளே சீரியல் ஆரம்பித்துவிட்டது. இவர் எப்போது கிளம்புவார் என்று பாட்டி காத்திருந்தாள்.

கேமரா அண்ணாச்சி வம்சத்தின் மூலவரைத் தேடிப் போனால் இங்கிலாந்துக்கே போக வேண்டும். வில்ட்ஷயரில் லேகாக் என்று ஒரு பழைய கிராமம். அங்கே 1835-இல் ஃபாக்ஸ் டால்போட் என்பவர் ஒரு சன்னலைப் படம் பிடித்தார். இன்று கைவசம் இருப்பதில் மிகப் பழைய நெகட்டிவ் அதுதான். அவர் எடுத்தது தன் வீட்டுச் சன்னல், ஆகவே யாரையும் நகரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அடுத்தவர் வீட்டுச் சன்னலுக்குப் போனார்கள். பைபரி என்ற இன்னொரு ஊரில், பழைய கல் வீடுகள் இருக்கும் இடத்தில் ஒரு முதியவர் தன் மஞ்சள் காரை நிறுத்தி வந்தார். 'படத்தைக் கெடுக்குது இந்தக் கார்' என்று வந்தவர்களெல்லாம் புலம்பினார்கள். 2017-இல் யாரோ அதன் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். சேதி பரவியதும் நாடெங்கும் இருந்து மஞ்சள் கார் வைத்திருப்பவர்கள் கிளம்பி வந்து, அந்த ஊர் வழியாக வரிசையாக ஓட்டிக் காட்டினார்கள். நம் பல்சருக்கு இதுவரை கண்ணாடி உடையவில்லை. அந்த மட்டில் கேமரா அண்ணாச்சி தங்கமான மனுஷர்.

நம் பக்கத்துக்கும் அந்தக் காலத்திலேயே ஆள் வந்திருக்கிறது. புகைப்படம் பிறக்காத 1792-இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பாபநாசம் அருவியை வரைந்துகொண்டு போனார்கள். படம் அச்சாகி வந்தபோது அடியில் இருந்த பேர் 'தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம்'. அருவி இருப்பது நம் திருநெல்வேலிச் சீமையில். அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது. பண்பொழி திருமலைக்கோயில் படத்துக்குக் கீழே 'கேரளத்தின் பேரழகு' என்று எழுதுகிறார் அண்ணாச்சி. தென்காசிக் கோபுரத்துக்கு 'அறுநூறு வருஷமாக அசையாத கோபுரம்' என்று எழுதுகிறார். கோயில் பராக்கிரம பாண்டியன் கட்டியது, பதினைந்தாம் நூற்றாண்டு, சரிதான். ஆனால் பழைய கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகக் கிடந்தது. இன்று சுமார் 180 அடி உயரத்தில் நிற்பது 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அதற்குச் சாரம் கட்டியவர்களில் சிலர் ரதவீதியில் இப்போது டீ குடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

சூரியகாந்தி வயலுக்கு வருவோம். ஆடியில் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, ஆய்க்குடிப் பக்கமெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கும். மேற்கே மலை. முற்றிய பூ கிழக்கே பார்த்துத்தான் நிற்கும், சூரியனோடு சுற்றுவதெல்லாம் மொட்டுப் பருவத்தோடு சரி. ஆகவே காலையில் வந்து மேற்கே பார்த்து நின்றால் பூவின் முகம், அதன்மேல் வெயில், பின்னால் மலை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். அண்ணாச்சி குளித்து, இட்லி தின்று, தூங்கி எழுந்து நாலு மணிக்கு வருகிறார். வெயில் மலைப்பக்கம் போய்விட்டது, கண்ணைக் கூசுகிறது, பூவெல்லாம் நிழலில் இருக்கிறது. போதாததற்குச் செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஒரு பூவையும் ஒரு நொடி நிற்க விடாது.

"பூவை எப்போ இந்தப் பக்கம் திருப்புவீங்க?"

"அதுக்கு எண்ணெய் தரத்தான் தெரியும் சார். போஸ் குடுக்கத் தெரியாது" என்றார் வயல்காரர்.

அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. ஒவ்வொருவரும் நல்ல இடம் தேடிப் பாத்திக்குள் இறங்குகிறார்கள், ஒடிந்த செடி மறுபடி விதை பிடிக்காது. அதனால் சிலர் வேலி போட்டிருக்கிறார்கள், சிலர் காசு வாங்குகிறார்கள். வாங்கட்டும் என்பேன். ஸ்டுடியோவில் பொய்த் திரைச்சீலைக்கு முன்னால் நிற்கவே காசு கொடுத்தவர்கள்தானே நாம்?

அண்ணாச்சியின் உச்சக்கட்டம் குற்றாலத்தில். பேரருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஊரே நிற்கிறது. அவருக்கோ ஆள் இல்லாத அருவி வேண்டும். முக்காலியை ஊன்றி, லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்துத் தண்ணீரைப் பஞ்சாக்குவது அவர் கலை. பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி, மறுபடி பாறையில் அறைந்து இறங்கும் தண்ணீரின் ஆவேசமெல்லாம் அந்தப் படத்தில் அடங்கிவிடும். சாரல் லென்ஸை நனைக்கும். துடைக்கத் துணியை எடுத்தால் லென்ஸ் மூடியைக் குரங்கு கொண்டுபோகும்.

மலையில் மழை கொட்டி, பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விசில் அடித்துக் குளிக்கத் தடை போடும். சேலத்திலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் தலையில் வைத்த எண்ணெயோடு நின்று புலம்பும். கரையிலுள்ள பழக்கடைக்காரர் மங்குஸ்தானை மூடி வைப்பார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு முகம் சந்தோஷத்தில் பளபளக்கும். அது யாருடையது என்று சொல்லவா வேண்டும்?

நீங்களும் கேமராவோடு போவதாக இருந்தால் காலை எட்டு மணிக்குள் வயலுக்குப் போய்விடுங்கள். வயல்காரரைக் கேட்டுக்கொண்டு வரப்பில் நில்லுங்கள், பாத்தியில் இறங்காதீர்கள். பைக் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். பாட்டியைப் படம் எடுத்தால் துபாய்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வர நேரம் கொடுங்கள். படத்தை அவள் பேரனின் வாட்ஸ்அப்புக்கு மறக்காமல் அனுப்புங்கள். எடுத்துக்கொண்டு போன யாரும் இதுவரை அனுப்பவில்லை என்று பாட்டி குறைப்பட்டுக்கொள்கிறாள்.