எதிரில் வந்தவனில் எவன் கெட்டிக்காரன்?

கேரி, வட கரோலினா
ஏப்ரல் 2024

மாமாவுக்கு மருமகன் எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். "ஆறு மாசமா உங்க டீம் உங்க டீம்னு பேசறீங்க மாப்பிள்ளை. சரி, எதிர்ல வந்து ஆடுனவன்ல எவன் கெட்டிக்காரன்? அதச் சொல்லுங்க, நீங்க ஆட்டம் பாக்கறீங்களா டிவி பாக்கறீங்களான்னு நான் சொல்றேன்." நீங்கள் கேட்டது இவ்வளவுதான். அன்றிலிருந்து இங்கே சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாம் நடக்கிறது. உங்கள் மகள் ஒரு கட்சி, பெரிய பேரன் ஒரு கட்சி, உங்கள் மருமகன் வழக்கம்போல ஆள் சேராத கட்சி. போனில் பதில் சொன்னால் பாதியில் அத்தை வாங்கி ரசப்பொடிக்குப் போய்விடுவார் என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர் நிலவரம். இந்த வட்டாரத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் மூன்று. சேப்பல் ஹில்லில் வட கரோலினா, டர்ஹமில் டியூக், ராலேயில் என்.சி. ஸ்டேட். கல்லூரிக் கூடைப்பந்தில் மூன்றும் ஒரே ஏ.சி.சி. பிரிவில் ஆடுகின்றன, மூன்றுக்கும் ஒன்றையொன்று ஆகாது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடக் கேட்காமல் "எந்தக் காலேஜ்?" என்றார். உங்கள் மருமகன் பொறுப்பாகக் கோயம்புத்தூரில் படித்த காலேஜ் பேரைச் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, யோசித்து மெதுவாக முடிவு செய்யலாம், அவசரமில்லை என்றார்.

முடிவு செய்தது உங்கள் மகள். அவளுக்கு வெளிர் நீலம் பிடிக்கும். சேப்பல் ஹில் சட்டை வெளிர் நீலம். குடும்பமே அந்தக் கட்சியில் சேர்ந்தது. 1982-இல் மைக்கேல் ஜோர்டன் சாம்பியன் ஆனது அந்தச் சட்டையில்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. வெளியில் பேசும்போது மட்டும் ஜோர்டனுக்காகச் சேர்ந்ததாகத்தான் பேச்சு.

இந்தப் பருவத்தில் அணி 29 ஆட்டம் ஜெயித்து 8 தோற்றது. ஏ.சி.சி. லீகில் முதலிடம். டியூக்கை இரண்டு முறையும் அடித்தாகிவிட்டது, அதில் ஒன்று அவர்கள் வீட்டிலேயே, 84-79. இதை மூன்று வாரம் தொடர்ந்து உங்களிடம் சொன்னது நினைவிருக்கும். நான்காவது வாரமும் உங்கள் மருமகன் சொல்லியிருப்பான். அதற்குள் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

உங்கள் கேள்விக்கு வீட்டில் ஓட்டெடுப்பு. அதற்கு ஒரே விதி: நமக்கு எதிராக ஆடியவராக இருக்க வேண்டும். ஆகவே பர்டியூ அணியின் சாக் ஈடி கிடையாது. ஏழடி நான்கங்குலம், இரண்டு வருடம் தொடர்ந்து நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர், அதெல்லாம் சரி. நம் பக்கம் வரவே இல்லை. அண்டை வீட்டுச் சண்டைக்கு அமைச்சரைக் கூப்பிட முடியாது.

பெரியவன் ஓட்டு டால்டன் கனெக்டுக்கு. டென்னசி அணிக்காரர். நவம்பர் 29 அன்று சேப்பல் ஹில்லுக்கு வந்தார்கள். முதல் பாதியிலேயே நம் ஆட்கள் 61 புள்ளி. சோபாவில் இருந்தபடி உங்கள் மருமகன் எதிரணிக்காகப் பரிதாபப்படத் தொடங்கிவிட்டான். கனெக்ட் அதற்கெல்லாம் மசியவில்லை. தூரத்தில் இருந்து போட்டார், உள்ளே புகுந்து போட்டார், கை முகத்துக்கு நேரே இருந்தாலும் போட்டார். மொத்தம் 37. கடைசியில் 100-92 என்று தப்பித்தோம். பள்ளிக்கூடம் முடித்தபோது இவரைப் பெரிய காலேஜ் எதுவும் கூப்பிடவில்லை. கொலராடோவில் ஒரு சின்ன ஜூனியர் காலேஜில் இரண்டு வருடம், பிறகு வடக்குக் கொலராடோவில் இரண்டு வருடம், கடைசி வருடத்துக்குத்தான் டென்னசி. வந்த வருடமே அவர்கள் பிரிவில் சிறந்த ஆட்டக்காரர்.

"தோத்த டீம்ல இருந்தவனுக்கு எப்படிடா பட்டம்?" என்று கேட்டதற்கு, "மார்க் முக்கியமில்ல, முயற்சிதான் முக்கியம்னு யார் சொன்னது?" என்கிறான். அவனுடைய போன கணக்குப் பரீட்சை பற்றிய பழைய பேச்சு அது. இப்படியெல்லாம் பயன்படும் என்று தெரிந்திருந்தால் உங்கள் மருமகன் அன்றைக்கே திட்டியிருப்பான்.

உங்கள் மகள் கணக்கு வேறு. யார் வந்துபோன பிறகு அடுத்த ஆட்டமே இல்லாமல் போனதோ, அவன்தான் கெட்டிக்காரன் என்கிறாள். அலபாமா அணியின் கிரான்ட் நெல்சன். மார்ச் 28, லாஸ் ஏஞ்சலஸ். அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் இங்கே முடியும்போது நடுச்சாமம். நெல்சன் 24 புள்ளி, அதில் 19 இரண்டாம் பாதியில். 12 ரீபவுண்ட், 5 பிளாக். 38 விநாடி பாக்கி இருக்கும்போது பந்தைக் கூடையில் போட்டார், கூடவே ஃபவுலும் வாங்கினார், அந்த ஃப்ரீ த்ரோவையும் போட்டார். நம் ஆர்.ஜே. டேவிஸ் உள்ளே புகுந்து தூக்கிப் போட்டதைத் தட்டிவிட்டார். டேவிஸ் யார்? முந்தைய மாதம் மயாமிக்கு எதிராக 42 புள்ளி எடுத்தவர், பிரிவின் சிறந்த ஆட்டக்காரர். அன்றைக்கு மட்டும் 20 முறை எறிந்து 4 விழுந்தது. த்ரீ பாயிண்டர் ஒன்பதில் ஒன்றுகூட இல்லை. 89-87. உங்கள் மகள் டிவியை அணைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்குப் போனாள். மறுநாள் காப்பியில் சர்க்கரை இல்லை. யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் பஹாமாஸில் வில்லனோவாவின் எரிக் டிக்ஸன் 34 எடுத்து ஓவர்டைமில் நம்மைக் கவிழ்த்ததையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு மனு இருந்தது. கிளெம்சன் அணியின் பி.ஜே. ஹாலுக்காகவும் ஒன்று. கிளெம்சன் சேப்பல் ஹில்லுக்கு வந்து தொடர்ந்து 59 முறை தோற்ற அணி, மாமா. 2020 வரை அங்கே ஒரு வெற்றிகூடக் கிடையாது. இந்த பிப்ரவரியில் வந்து ஜெயித்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த இரண்டு மனுவையும் தாக்கல் செய்தவன் சின்னவன். அவனுக்கு வயது போதாது என்று தள்ளுபடி ஆனது.

இந்த நேரத்தில்தான் ரிமோட் விவகாரம். பெரியவன் கனெக்டின் ஆட்டத்தை மறுபடி போட்டுக் காட்ட எழுந்தான், உங்கள் மகள் நெல்சனைப் போட்டுக் காட்ட எழுந்தாள், ரிமோட்டை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். விடவில்லை. சின்னவன் விசில் அடித்து, "ஜம்ப் பால்! அம்பு யார் பக்கம்?" என்றான்.

அம்பு என்றால் உங்களுக்குத் தெரியும், பி.எஸ்.ஜி. கோப்பை ஆட்டங்களில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் ஆடிய காலத்தில் இரண்டு பேர் பந்தைப் பிடித்துக்கொண்டால் நடுவர் மேலே தூக்கிப் போடுவார், குதித்துத் தட்டுகிறவனுக்குப் பந்து. இங்கே கல்லூரி ஆட்டத்தில் 1981-82-இலேயே அதை நிறுத்திவிட்டார்கள். ஆட்டமோ ஓவர்டைமோ தொடங்கும்போது ஒரு தடவை குதிப்பதோடு சரி. அப்புறம் ஸ்கோரர் மேசையில் ஒரு விளக்கு அம்பு. போன தடவை அவர்களுக்கு என்றால் இந்தத் தடவை இவர்களுக்கு. உயிரைக் கொடுத்துப் பந்தைப் பிடுங்கினாலும் அம்பு அந்தப் பக்கம் காட்டினால் அவனுக்குத்தான். என்.பி.ஏ.யில் இன்றைக்கும் குதிக்கிறார்கள்.

சின்னவன் பார்சல் அட்டையை வெட்டி ஓர் அம்பு செய்து, காந்தம் ஒட்டி, ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினான். ரிமோட்டுக்காக வந்தது, அன்று மாலையே பாத்திரத்துக்கு மாறியது. டிஷ்வாஷரில் அடுக்குவது யார்? அம்பைப் பார். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளுவது யார்? அம்பைப் பார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு வண்டி ஓட்டுவது, கடைசி மசால் வடை, அத்தை போன் செய்யும்போது முதலில் எடுத்து "ஏன் மெலிஞ்சு போனே" என்பதற்குப் பதில் சொல்வது, எல்லாம் அம்பு. விதி நியாயமானதுதான். காந்தம்தான் சரியில்லை. உங்கள் மருமகன் பெயர் கீழே எழுதியிருக்கிறது, அம்பு ராத்திரியில் நழுவிக் கீழே வந்து நிற்கிறது. காலையில் பாத்திரமும் குப்பையும் ஒரே ஆளுக்கு. நடுவரிடம் முறையிட்டால் டெக்னிக்கல் ஃபவுல் தருகிறான். அதற்கு ஒரு வடை அபராதம்.

இனி உங்கள் மருமகன் ஓட்டு. டி.ஜே. பர்ன்ஸ், என்.சி. ஸ்டேட். ஆறடி ஒன்பது அங்குலம், 275 பவுண்டு, அதாவது 125 கிலோ. இடது கைக்காரர். மற்ற ஆட்டக்காரர்கள் ஓடுகிற ஓட்டத்தில் இவரைப் பார்த்தால் வழி தவறி உள்ளே வந்தவரோ என்று தோன்றும். அவர் ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் மாமா. கூடைக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்குவார். காவலுக்கு நிற்பவனைத் தோளால் ஒரு இடி, பந்தை ஒரு தட்டு. மறுபடி ஒரு இடி, ஒரு தட்டு. அவசரமே கிடையாது. அவன் அரையடி பின்வாங்கியதும் பூப்போல ஒரு திரும்பு, இடது கையால் மேலே ஒரு விடுப்பு. சரி என்று இரண்டாவது ஆளையும் காவலுக்கு அனுப்பினால் கல்யாணப் பந்தியை விசாரிக்கிற பெரியவர் மாதிரி சுற்றிலும் பார்த்து, எவன் சும்மா நிற்கிறானோ அவன் கையில் பந்தைச் சேர்த்துவிடுவார். முகத்தில் சிரிப்பு குறையாது.

ஜனவரியில் ராலேயில் 67-54, மார்ச் தொடக்கத்தில் சேப்பல் ஹில்லில் 79-70; இரண்டு தடவையும் இந்த அணியை நம் ஆட்கள் ஜெயித்தார்கள். லீக் முடிந்தபோது அவர்கள் கணக்கு 17 வெற்றி, 14 தோல்வி. ஏ.சி.சி. கோப்பை வேண்டுமென்றால் வாஷிங்டனில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அதில் டியூக்கும் உண்டு. டியூக்கை ஜெயித்தார்கள் என்று தெரிந்ததும் உங்கள் மருமகன் இந்த வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னான். அரையிறுதியில் வர்ஜீனியாவிடம் கிட்டத்தட்டத் தோற்றேவிட்டார்கள். கடைசி விநாடியில் மைக்கேல் ஓ'கானல் எறிந்த பந்து போர்டில் பட்டு உள்ளே விழுந்து ஓவர்டைம் போனது. இறுதி ஆட்டம் நம்மோடு, மார்ச் 16. டி.ஜே. ஹோர்ன் 29, பர்ன்ஸ் 20. 84-76. 1987-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் ஏ.சி.சி. கோப்பை. அதோடு நின்றார்களா? தேசியப் போட்டியில் டியூக்கை மறுபடி அடித்தார்கள், பர்ன்ஸ் 29 புள்ளி. 1983-க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி நான்குக்குள் போனார்கள்.

பெரியவன் சொல்வது: ஹோர்ன்தானே அதிகம் எடுத்தார், அவருக்கு ஏன் ஓட்டில்லை? கேள்வி சரி. ஆனால் ஹோர்னுக்கு ஆளில்லாமல் இடம் கிடைத்தது ஏன் என்று பார்க்க வேண்டும். நம் பக்கம் இரண்டு பேர் எப்போதும் பர்ன்ஸ் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கனெக்டை 37 எடுக்கவிட்டும் நம் ஆட்கள் தங்கள் ஆட்டத்தை ஆட முடிந்தது. நெல்சன் அரை ஆட்டத்தில் முடித்தார். பர்ன்ஸை இரண்டு தடவை பார்த்து, ஜெயித்து, வழி தெரிந்துகொண்டு மூன்றாம் தடவை போயும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தெரிந்தும் தடுக்க முடியாதவன்தான் கெட்டிக்காரன் என்பது உங்கள் மருமகன் கட்சி.

ஆக மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. உங்கள் ஓட்டில் முடியும். ஓட்டை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். நேரில் வந்து போடுங்கள்.

இதுவும் அம்பு விஷயம்தான் மாமா. போன தடவை நாங்கள் வந்தோம். அதற்கு முந்தைய தடவையும் நாங்களே. நான்கு டிக்கெட், இரண்டு பையன்கள், பதினான்கு மணி நேர விமானம், இறங்கியதும் உறவுமுறை வரிசையாக எட்டு வீடு. உங்கள் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்தது ஒரே ஒரு சாயங்காலம். உங்கள் பாஸ்போர்ட்டில் பத்து வருட விசா ஒன்று குத்திக் கிடக்கிறது, ஒரு தடவைகூடப் பயன்படாமல் காலாவதி ஆகப்போகிறது. "அங்க வந்து நாலு சுவத்துக்குள்ள என்ன பண்றது" என்பீர்கள். இந்த ஊர் வெங்கடேசுவரர் கோயிலுக்கு 2022-இல் எழுப்பிய கோபுரம் 87 அடி. காலையில் நடை, கோயில், அங்கே கேன்டீனில் தோசை. சாயங்காலம் பேரன்களுக்கு இடது கை ஹுக் ஷாட் சொல்லிக்கொடுக்க வேண்டும். வீட்டு வாசலிலேயே ஒரு கூடை நட்டிருக்கிறது, அதில் இதுவரை பந்து போட்டவர்களில் முறையாக ஆடத் தெரிந்தவர் யாரும் இல்லை. உங்கள் மகள் இதையெல்லாம் கேட்கமாட்டாள். அவளும் உங்களைப்போலத்தான், வேண்டும் என்றால் வாயைத் திறக்கமாட்டாள். அதனால் மருமகன் எழுதுகிறான்.

அடுத்த பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அக்டோபர் கடைசியில் வந்தால் இங்கே குளிர் தாங்கும்படிதான் இருக்கும். டிக்கெட் தேதியை மட்டும் பேரனிடம் சொல்லுங்கள், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

பின்குறிப்பு: அத்தையிடம் பர்ன்ஸ் எடையைச் சொல்ல வேண்டாம். முதலில் அந்தப் பையனுக்கு வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்பார், அடுத்த கேள்வி உங்கள் மருமகன் எடையைப் பற்றித்தான் இருக்கும். ரசப்பொடி இரண்டு கிலோ போதும்.