சாக்ஸபோனின் திருக்கோலங்கள்: திருச்சி வட்டார ஆய்வு

நின்ற, இருந்த, கிடந்த என மூன்று கோலங்களில் பெருமாளைச் சேவிப்பது வைணவ மரபு. மூன்றையும் காண திருச்சிக்காரர்கள் காவிரியைத் தாண்டினால் போதும்: உறையூரில் அழகிய மணவாளர் நிற்கிறார், ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குப் பதிலாக ரங்கநாயகித் தாயார் அமர்ந்திருக்கிறார், அரங்கர் பள்ளிகொண்டிருக்கிறார். சாக்ஸபோன்காரர்களை மட்டும் இந்த வகைப்பாட்டில் சேர்க்காமல் விட்டது அறிஞர் உலகின் அசட்டை.

நின்ற கோலத்தில் வியாக்கியானத்துக்கு அதிக இடமில்லை. பெல்ஜியத்து அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற இக்கருவி ராணுவ பேண்டில்தான் காலூன்றியது. தில்லைநகரில் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நடக்கும் பேண்டுக்காரரும் அந்தப் பரம்பரையே. எடை கழுத்துப்பட்டியில் தொங்க வேண்டும், வலது கட்டைவிரலில் அல்ல. கருவிதான் வாயைத் தேடி வரவேண்டும், கழுத்து குனியலாகாது. தோளைத் தூக்கினால் மூச்சு குறுகும்.

இருந்த கோலத்தில்தான் சச்சரவு. நாற்காலியில் உட்கார்ந்தால் நம்மூரில் அது கச்சேரியே அல்ல, சம்மணம் வேண்டும். ஆகவே சாக்ஸபோன் வகைகளை நாதத்தால் அல்ல, மடியால் ஒப்பிட வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு. விரல்வைப்பு எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. முழங்கால்தான் பேதம் காண்கிறது. சோப்ரானோ பெரும்பாலும் நேர்க்குழல், மடிக்குத் தொந்தரவில்லை. ஆனால் பின்வரிசை மாமி, "நாயனம் இப்போ பித்தளைலயே வர்றதா?" என்று கேட்டுவிடுவார். ஆல்டோ அடியில் வளைந்திருந்தாலும் அளவில் அடக்கம். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய நாகஸ்வரக்காரர் மகன் கத்ரி கோபால்நாத், கமகத்துக்கு ஏற்பக் கருவியையே மாற்றியமைத்து, சம்மணமிட்டபடி ஆல்டோவில் ஆலாபனை செய்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் வாசித்தார். அதே ஆண்டு அவர் வாசிப்போடு ‘டூயட்’ படம் வந்தபின் மாமிகளுக்கும் ஐயமில்லை. ஆல்டோவைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் டெனார், குழல் நீண்டதால் தொடையோடு வழக்காடும். பாரிடோனை மடியில் நிறுத்தினால் வித்வான் மறைந்துபோவார். மிருதங்கக்காரர் கருவியைப் பார்த்துத்தான் தலையாட்ட வேண்டும்.

கிடந்த கோலத்தில் கருவியின் பாரம் நெஞ்சில் இறங்கும். மூச்சின் ஈரம் ஊதுவாய்க்கே திரும்பிக் களகளக்கும். அரங்கருக்கு அணையாக ஆதிசேஷன் இருக்கிறார். ஆய்வாளருக்கு வாய்த்தது கோரைப்பாய். அதிலும் கீழ்வீட்டார் மூன்றாம் சுரத்திலேயே கதவைத் தட்டிவிட்டனர்.