அடுப்பே இல்லாத எஞ்சினுக்கு ஒரு ஃபயர்மேன்

நீராவி எஞ்சினில் ஃபயர்மேன் படும் பாடு நாய் படாது. ஆடுகிற வண்டியில் காலை ஊன்றிக்கொண்டு டன் கணக்கில் கரியை அள்ளி நெருப்பில் வீச வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்தப் பாக்கியத்தைக் கறுப்பர்களுக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஓட்டுநராகப் பதவி உயர்வு மட்டும் கிடையாது. அந்த நாற்காலி வெள்ளையருக்கு.

பிறகு டீசல் எஞ்சின் வந்தது. கரி இல்லை, நெருப்பும் இல்லை. ஃபயர்மேன் மட்டும் இருந்தார். 1937இல் அவருடைய சங்கம் ரயில் கம்பெனிகளோடு பேசி, பெரிய டீசல் எஞ்சின்களிலும் அவருக்கு இடம் பிடித்துவிட்டது. இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து சிக்னல் பார்க்க வேண்டும். சட்டை அழுக்காகாத உத்தியோகம்!

பார்த்தார்கள் வெள்ளையர்கள். கரித்தூசி போனதும் வேலைமீது காதல் பிறந்தது. 1940இல் சங்கம், கறுப்பு ஃபயர்மேன்களைப் படிப்படியாகக் கழற்றிவிடும்படி தென்பகுதிக் கம்பெனிகளுக்கு ஓலை அனுப்பியது. கறுப்பர் அந்தச் சங்கத்தில் உறுப்பினராகவே முடியாது. ஆனால் சட்டப்படி அவர்களுக்காகவும் பேரம் பேசுவது அதே சங்கம்தான். பாலுக்குப் பூனை காவல். அலபாமாவின் பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் வழக்குப் போட்டார். எல்லோருக்காகவும் பேசுகிறவன் எல்லோருக்கும் நியாயமாகப் பேச வேண்டும் என்று 1944இல் உச்ச நீதிமன்றம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்து கம்பெனிகளுக்குக் கணக்கு உறுத்தியது. நெருப்பே இல்லாத இடத்தில் இந்த ஆள் எதற்கு? ஓட்டுநர் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது, இன்னொரு ஜோடிக் கண் வேண்டாமா என்றது சங்கம். என்னைக் கேட்டால் அது நியாயமான வாதம்தான். அந்தக் கண்கள் கறுப்பரின் முகத்தில் இருந்தபோது மட்டும் சங்கத்துக்கு அது ஏன் தோன்றவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

வேலைநிறுத்தத்தைத் தடுக்க, தகராறை நடுவர் குழுவிடம் தள்ளும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிய நாள் 28 ஆகஸ்ட் 1963. அன்றுதான் அதே வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கோடு சுமார் இரண்டரை லட்சம் பேர் திரண்டு, வேலையும் விடுதலையும் கேட்டார்கள். உள்ளே, இருக்கிற வேலையை எடுப்பது எப்படி என்று பேச்சு.

சரக்கு வண்டிகளிலும் யார்டுகளிலும் நூற்றுக்குத் தொண்ணூறு ஃபயர்மேன் வேலைகள் தேவையில்லை என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். சண்டை அதோடும் ஓயவில்லை. 1972இல்தான் சமரசம்: இருக்கிறவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.