அம்மி இருக்க அலைச்சல் என்னத்துக்குல?

ஏலே பேராண்டி, இங்கன வந்து ஒக்காரு. ஞாயித்துக்கெழமை மீ கோரெங், அந்த வதக்குன நூடுல்ஸ், செய்யப்போறியாமே? வாரம் பூரா வீட்டுல அமளி தாங்கல. அடி உருண்ட சட்டி ஒண்ணு கூரியர்ல வந்துட்டு. சட்டிச் சூட்ட அளக்க ஒரு கருவி வந்துட்டு. ‘வீட்டுல அரைச்ச மிளகாய்ச் சம்பல்’னு ஊரெல்லாம் சொல்லிட்டு, பாட்டில் சம்பலும் வந்துட்டு. எல்லாம் வந்துச்சு, நூடுல்ஸ் வாங்கத்தான் மறந்துட்ட. கூறுகெட்ட பயலே!

நான் கப்பல்ல பண்டாரி, அதாம்ல சமையக்காரன் வேல பாத்தவன். இந்தோனேசியாவுல சுரபாயா துறைமுகத்துல கப்பல் கட்டுனா, ராத்திரி தெருவோரந்தான் எனக்குச் சாப்பாடு. ஒரு ஆளு தள்ளுவண்டிய உருட்டிக்கிட்டு, சட்டியக் கரண்டியால ‘டெக், டெக்’குனு தட்டிக்கிட்டு வருவான். அதான் அவனுக்கு விளம்பரம், போர்டு, எல்லாம். அதனாலதான் அந்தப் பண்டத்துக்கே ‘மீ டெக்டெக்’னு பேரு. அவன் கையில சூடு அளக்குற கருவி இருந்துச்சா? எண்ணெய் பொகையுதான்னு பாக்க ரெண்டு கண்ணு இருந்துச்சு. ஒனக்கு அது இல்லியோ?

நேத்து என்ன சொன்ன? ‘தாத்தா, நம்ம அடுப்புல தீ பத்தாது, ஓட்டல் பர்னர் வேணும்’னு சொன்னியா இல்லியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஜாவாவுல, யோக்யகர்த்தா பக்கம் போய்ப் பாரு. பாக்மி ஜாவாங்கிற நூடுல்ஸ் போடுறவன் கிட்ட என்ன இருக்கு? ஒரு மண் அடுப்பு, கொஞ்சம் கரி, ஒரு விசிறி. ஆனா ஒரு சங்கதி கவனிச்சுக்கோ. ஒரு தடவைக்கு ஒரு தட்டுக்குத்தான் வதக்குவான். முன்னால பத்துப் பேரு காத்துக் கெடந்தாலும் அவன் அசைய மாட்டான். நீ என்னடான்னா எட்டுப் பேரு நூடுல்ஸ ஒரே சட்டியில கொட்டுவ. சட்டி சூடு எறங்கும், காய் தண்ணி விடும், எல்லாம் வெந்து கொழையும். பொறவு அடுப்பத் திட்டுவ. தப்பு தீயிலயா, ஒன் அவசரத்துலயா?

அடுத்த கூத்து, ‘அசல்’ வேணுமாம். எது அசல்? நூடுல்ஸக் கொண்டாந்தது சீனாக்காரன். மிளகாய் பொறந்தது அமெரிக்கக் கண்டத்துல. 16-ஆம் நூற்றாண்டுலதான் கப்பலேறி அந்தப் பக்கம் வந்துச்சு. அதுக்கு முன்னால ஜாவாக்காரன் காரத்துக்குப் போட்டது திப்பிலி வகை. நம்ம ராவுத்தருமாரு பினாங்குல போடுற மீ கோரெங்குல உருளைக்கெழங்கு கெடக்கும். ஆச்சே பக்கம் போனா ஏலம், சீரகம்னு நம்ம மசாலா மணக்கும். அத்தனை பேரும் அவனவன் கையில இருந்தத வச்சுத்தான் கிண்டியிருக்கான். 1983-ல இந்தோமி கம்பெனிக்காரன் மீ கோரெங்கையே பொட்டலத்துல அடச்சு வித்துட்டான். இனிப்புச் சோயா ஒரு சின்னப் பை, மிளகாப்பொடி ஒரு பை, மேல தூவ வறுத்த வெங்காயம். இந்த மாதிரி சின்னச் சின்னப் பைதான் அவனுக்குத் தேவைப்பட்டுச்சு. ஒனக்கு மட்டும் அசல் சாமான் பெட்டி பெட்டியா வரணுமோ?

சரி, சம்பலுக்கு வா. ஜாவாவுல வீட்டுக்கு வீடு எரிமலைக் கல்லுல ஒரு தட்டைக் கல் இருக்கும், சோபெக்ம்பாங்க. கூடவே வளைஞ்ச குழவி ஒண்ணு, உலெக்கான். இடிக்க மாட்டாங்க, அழுத்தி இழுத்து நசுக்குவாங்க. ஒன் வீட்டுக் கொல்லையில கெடக்குற அம்மிக்கு என்னல கேடு? ஒன் ஆத்தா துணி காயப்போடுறதுக்கா அத விட்டு வச்சிருக்கா?

மிக்ஸியில போட்டா தண்ணி ஊத்தாம சுத்தாது. தண்ணி ஊத்துனா சம்பல் சட்டினி ஆயிரும். கல்லுல அரைச்சா தோலும் விதையும் அங்கங்க நிக்கும். பல்லுல கடிபடணும், அதாம்ல சம்பல்.

கேட்டுக்கோ. பழுத்த செவப்பு மிளகாய் 10, காந்தாரி மிளகாய் 4, சின்ன வெங்காயம் 6, வெள்ளைப்பூடு 2 பல், தக்காளி 1. முதல்ல உப்பும் மிளகாயும். உப்புக் கல்லு மிளகாயப் புடிச்சுக் கொடுக்கும். அப்புறம் வெங்காயம், பூடு. தக்காளி கடைசியில. முதல்லயே போட்டா எல்லாம் வழுக்கிக்கிட்டுத் தெறிக்கும், கண்ணுல விழும். அப்புறம் என்னையத் தேடக் கூடாது.

அதோட ‘தெராசி’ ஒரு தேக்கரண்டி. பொடி எறாவ உப்புப் போட்டு, புளிக்க வச்சு, காயவச்சு இடிச்ச கட்டி. தீயில சுட்டுத்தான் போடணும். சுடும்போது நாறும். நாறுதுன்னு மூக்கப் பொத்துறியே, தூத்துக்குடியில பொறந்துட்டு கருவாட்டுக்குப் பயந்தா ஊரு சிரிக்காதா? தெராசி கெடைக்கலியா, கூனிய வறுத்து இடிச்சுப் போடு. அதே ருசி வராது, ஆனா காரியம் நடக்கும். எல்லாத்தையும் தாராளமா எண்ணெய் விட்டு, சின்னத் தீயில எண்ணெய் மேல மிதக்குற வரைக்கும் வதக்கு. எறக்கி எலுமிச்சை பிழி. முடிஞ்சுது சோலி.

‘கெச்சாப் மானிஸ்’ வேணும்னு இன்னொரு கூரியரு போடாத. அது சோயாவும் பனவெல்லமும் சேந்த கெட்டிச் சாறு. உடன்குடிக் கருப்பட்டிய மூட்டையா வச்சுக்கிட்டு, வெளிநாட்டு பாட்டிலுக்கு ஏன் ஏங்குற? சோயா சாஸ் ஒரு பங்கு, தட்டுன கருப்பட்டி ஒரு பங்கு, கரைய விட்டுக் கொதிக்க வை. கரண்டியில ஒட்டுனா போதும்.

இனிமே நூடுல்ஸ். பாக்கெட்டுல போட்டிருக்குற நேரத்துக்கு ஒரு நிமிசம் முன்னால வடிச்சிரு. எண்ணெய் பெசறி ஆற வை. சீனிச்சட்டி பொகையட்டும். பூடு, வெங்காயம், முட்டை, எறா, முட்டைக்கோசு, அந்த வரிசையில போடு. அப்புறம் நூடுல்ஸ், ஒரு கரண்டி சம்பல். கருப்பட்டிச் சாறச் சட்டி ஓரத்துல விடு. ஓரத்துல பட்டாத்தான் கருகி மணக்கும், நடுவுல ஊத்துனா நூடுல்ஸ் நனைஞ்சு கெடக்கும். ரெண்டு நிமிசத்துக்கு மேல கெளறாத. மேல வறுத்த வெங்காயம், பக்கத்துல வெள்ளரிக்காய், அப்பளம். மிச்சச் சம்பல் ஓரத்துல. காரம் அவனவன் விருப்பம்.

வாங்குன கருவிய என்ன செய்யன்னு முழிக்காத. பரண்ல போடு. ஒரு தட்டு, ஒரு ஆளு, ஒரு தடவ. இத மறந்துறாத. மொத தட்ட எனக்குக் கொண்டா. சட்டியில தண்ணி நின்னுச்சா இல்லியான்னு நாஞ் சொல்லுதேன். அதுக்கு முன்னால செல்போன எடுத்துக்கிட்டு சட்டி முன்னால நின்ன, அகப்பை முதுகுல விழும். தின்னு முடிச்சுட்டுப் படம் புடி. வழிச்ச தட்டுதாம்ல நல்ல படம்.