புல் வெட்டும் மெஷின் வாங்குவது எப்படி?

முதலில் இடத்தை அளக்க வேண்டும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. தோட்டம் எவ்வளவு என்று கேட்டால் பத்திரத்தில் உள்ள கணக்கைச் சொல்வதுதான் நம் வழக்கம். கோவை சரவணம்பட்டிப் பக்கம் வில்லா வாங்கியவர் "மூணேகால் சென்டுங்க" என்பார். அதில் வீடு போக, கார் நிற்கிற இடம் போக, சம்ப், போர், துவைக்கிற கல், அம்மா பிடிவாதமாக வைத்த துளசி மாடம் எல்லாம் போக மிஞ்சுவது 12 அடிக்கு 15 அடி. ஆனால் வீடு விற்றவர்கள் அந்தத் துண்டுக்கு 'லான்' என்று பெயர் போட்டிருந்தார்கள். லான் என்று ஆன பிறகு அதில் குத்தவைத்து உட்கார்ந்து அரிவாளால் அறுத்தால் எதிர் வீட்டில் என்ன நினைப்பார்கள்? மெஷின் வாங்க இதைவிட நல்ல காரணத்தை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்தது, வெட்டும் அகலம். 14 அங்குலத்தில் ஆரம்பித்து 21 அங்குலம் வரை கடையில் காட்டுவார்கள். சின்னதே போதும் என்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 அடி என்பது 180 அங்குலம். 14 அங்குல மெஷினை 13 தடவை தள்ளினால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வந்துவிடலாம். தடவைக்கு 12 அடி; மொத்தம் 156 அடி நடை. பால் பாக்கெட் வாங்கப் போவது இதைவிடத் தூரம். ஆனால் மாடிப்படிக்கு அடியிலிருந்து மெஷினை வெளியே எடுக்க ஷூ ஸ்டாண்டு, பையனின் பழைய சைக்கிள், கொலுப்படி மூன்றையும் நகர்த்த வேண்டியிருக்கும் என்பதால் உடற்பயிற்சிக்குக் குறைவிருக்காது.

இந்த மெஷின் பிறந்தது மில் ஊரில் என்பதில் கோவைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் பகுதிக் கம்பளி மில்களில், நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவ ஓர் உருளைக் கத்தி இருந்தது. எட்வின் பட்டிங் என்பவர் துணிக்குச் செய்வதைப் புல்லுக்கும் செய்யலாமே என்று யோசித்து 1830-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு பிரபுக்களின் மாளிகைகளில் ஆள் வைத்து நீளப்பிடி அரிவாளால் வெட்டினார்கள், இல்லாவிட்டால் செம்மறி ஆட்டை மேய விட்டார்கள். ஆடு நல்ல யோசனைதான். ஆனால் நம் வீட்டில் செம்பருத்தி இருக்கிறது. லான் எது, செம்பருத்தி எது என்று ஆட்டுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. புரிந்தாலும் அது செம்பருத்தியைத்தான் முதலில் கவனிக்கும்.

பட்டிங்கின் உருளை மெஷின் இன்றும் கிடைக்கிறது. கரண்ட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், சத்தமும் இல்லை. சுழலும் கத்திகள் அடியில் உள்ள இரும்புப் பட்டையோடு உரசிக் கத்தரிக்கோலாக வெட்டும். விம்பிள்டன் மைதானத்துப் புல்லை 8 மில்லிமீட்டரில் நிறுத்தி வைத்திருப்பது இந்த வகைக் கத்திதான். ஆனால் விம்பிள்டனில் தென்னை மரம் கிடையாது. இங்கே நாலடி தள்ளியதும் ஓர் ஈர்க்கு வந்து கத்திக்கும் பட்டைக்கும் நடுவில் குறுக்கே நிற்கும். மெஷின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தள்ளியவர் மட்டும் இன்னும் அரையடி போவார். ஈர்க்கை உருவி எறிந்துவிட்டுத் திரும்பத் தள்ளினால் குரும்பை. குரும்பைக்கு அப்புறம் இடுப்பு.

ஆகவே கரண்ட் மெஷின். இதில் கத்தி மின்விசிறி சுற்றுவதுபோல் படுக்கைவாட்டில் சுற்றும், ஈர்க்குக்கெல்லாம் அஞ்சாது. அஞ்ச வேண்டியது தன் வயருக்குத்தான். பச்சை வயர் லானுக்கு எடுப்பாக இருக்கும் என்று வாங்கிவிடாதீர்கள். புல்லுக்குள் அது கண்ணில் படவே படாது, கத்திதான் கண்டுபிடிக்கும். ஆரஞ்சு நிற வயரே நல்லது. பிளக் இருக்கிற பக்கத்தில் ஆரம்பித்து அதை விட்டு விலகி விலகிப் போக வேண்டும், அப்போது வயர் எப்போதும் முதுகுக்குப் பின்னால், வெட்டி முடித்த இடத்தில் கிடக்கும். வீட்டு மெயினில் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை முன்னேற்பாடும் முடிந்து பாதி லான் தாண்டியதும் சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வரும்: "ஏனுங்க, சட்னிக்கு மிக்ஸி போடோணும். அந்த வயரக் கழட்டிக்கட்டுங்களா?" கேள்வி காதில் விழும்போது வயர் கழன்றிருக்கும்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் பேட்டரி. ஒரு கடையில் 18 வோல்ட் என்பார்கள், பக்கத்துக் கடையில் 20 வோல்ட் என்பார்கள். இரண்டு வோல்ட் கூட இருக்கிறதே என்று அதிகம் கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. உள்ளே இருப்பது இரண்டிலும் வரிசையாக 5 லித்தியம் செல்தான். முழுசாகச் சார்ஜ் ஏறியதும் செல்லுக்கு 4 வோல்ட் என்று எண்ணினால் 20, ஓடும்போது 3.6 என்று எண்ணினால் 18. பார்க்க வேண்டியது வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வருகிற வாட்-அவர். இதைக் கடையில் கேட்டால் பையன் முதலாளியைப் பார்ப்பான், முதலாளி அட்டைப் பெட்டியைப் பார்ப்பார்.

பெட்ரோல் மெஷின் ஆண்மைக்கு அழகு என்று நினைப்பவர்கள் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யப் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பழகினால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரிந்துவிடும். பெட்ரோல் கொண்டுவருவது தனிக் கதை. பாட்டிலில் தர மாட்டோம் என்று பங்கில் எழுதியே வைத்திருக்கிறார்கள். தரமான இரும்பு கேன் வாங்கினால் அதற்கும் ஓர் இடம் வேண்டும், கொலுப்படியை இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும்.

ரோபோவும் வந்துவிட்டது. சுவீடனின் ஹஸ்க்வர்னா 1995-இலேயே வெயிலில் தானாக ஓடுகிற மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பெருமை, ஆள் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்பது. நம் வீட்டில் கேட் திறந்திருந்தால் தெரு நாய் உள்ளே வந்து லானில் படுக்கும். ரோபோ நாயைக் கண்டு திரும்பும். நாய் எழுந்து ரோபோவைத் துரத்தும். கையில் குச்சியோடு ஓர் ஆள் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

எந்த மெஷினானாலும் சில பொது விதிகள். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. கத்தி மழுங்கினால் வெட்டாது, பிய்க்கும். இரண்டு நாளில் நுனியெல்லாம் பழுத்துப்போகும். ஈரப் புல்லில் மெஷின் ஓட்டவே கூடாது. இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். ஏப்ரல், மே மாதங்களில் புல் வளர்வதில்லை. லாரித் தண்ணீரை வாங்கி ஊற்றினாலும் உயிரோடு இருப்பதோடு சரி. ஐப்பசி மழையில்தான் மளமளவென்று வளரும், அப்போது அது காய்வதே இல்லை. ஆக, வெட்ட முடிகிற நாளில் புல் இருக்காது, புல் இருக்கிற நாளில் வெட்ட முடியாது. ஆயுத பூஜை இந்த இரண்டுக்கும் நடுவில் வருவதால் மெஷினைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்க அருமையான பொழுது.

நர்சரிக்காரர் என்ன புல் போட்டார் என்பதையும் விசாரியுங்கள். கொரியன் புல் என்றால் அது மெதுவாக வளர்ந்து மேடு மேடாகத் திரளும். மெஷினுக்கு அவ்வளவாக வேலை இல்லை. பெர்முடா என்றால் அது நம் அருகம்புல் இனம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துப் பதித்ததை, சதுர்த்தியன்று அம்மா உட்கார்ந்து பிள்ளையாருக்காக ஆய்ந்துகொண்டிருப்பார். தடுக்க முடியாது. இரண்டிலும் ஊடே கோரை வரும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைத் தோண்டி எடுக்காமல் அது போகாது. மெஷின் செய்வதெல்லாம் கோரையையும் புல்லையும் ஒரே உயரத்தில் நிறுத்தி, கோரை இருப்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான்.

கடைசியாக ஓரம். எந்த மெஷினும் சுவரை ஒட்டி வெட்டாது. சக்கரமும் மூடியும் நாலு அங்குலமாவது தள்ளி நிறுத்திவிடும். சுற்றிலும் 54 அடி ஓரத்தில் நாலு அங்குலம் என்றால் ஏறக்குறைய 18 சதுர அடி, அதாவது லானில் பத்தில் ஒரு பங்கு. துளசி மாடத்தைச் சுற்றி, சம்ப் மூடியைச் சுற்றி, கறிவேப்பிலை அடியில், தென்னம் பாத்தியில் இருப்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. எனவே மெஷினோடு கூட ஓர் அரிவாளும் வாங்கிவிடுங்கள். கருக்கு வைத்ததாக, கைக்கு அடக்கமான பிடி போட்டதாக இருக்கட்டும். "இது எதுக்குங்கண்ணா?" என்று கடைக்காரர் கேட்டால், தேங்காய் உரிக்கிறவருக்கு என்று சொல்லுங்கள்.