இன்னுங் கொஞ்சம் தெக்கால!

திருப்பூர் நல்லூரில் டிவி மெக்கானிக்குகளுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. இருந்தாலும் படம் கெட்டுப்போனால் முதலில் ஆள் போவது ஆண்டெனா அண்ணன் வீட்டுக்குத்தான். காங்கயம் ரோட்டின் இரண்டு பக்கச் சந்துகளிலும் லைன் வீட்டுக்கு ஒருவராக இவர் உண்டு. ஒரு சந்தில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டராக இருப்பார், அடுத்த சந்தில் மளிகைக்கடை வைத்திருப்பார். குணம் மட்டும் மாறாது. கூலி வாங்க மாட்டார், டீயை வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். அந்த டெஸ்டரால் அவர் எதையும் சரிசெய்து யாரும் பார்த்ததில்லை.

வந்ததும் அவர் டிவியைப் பார்ப்பதில்லை, வீட்டிலிருப்பவர்களைத்தான் பார்ப்பார்.

"யாருங்க இதுல கை வெச்சது?"

வீட்டில் உள்ள கடைசிப் பையன் சமையலறைக்கு நகர்வான். அங்கேயே பாதி நோய் தெரிந்துவிடும். பின்பக்கம் இருக்கிற 'வெர்ட்டிகல் ஹோல்ட்' குமிழை அவன் திருகியிருப்பான். செய்தி வாசிக்கிறவரின் தலை மேலே போய் மறைந்து, கழுத்துக்குக் கீழிருந்து மறுபடி முளைத்துக்கொண்டே இருக்கும். அண்ணன் குமிழை ஒரு நூல் பின்னால் திருப்புவார். தலை கழுத்தோடு வந்து சேரும்.

ஆனால் அவருடைய மெய்யான அரசாங்கம் மொட்டை மாடியில்தான் நடந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது என்றாலும், அதன் அலைகள் நல்லூர் வரை நடந்து வரவில்லை. எண்பதுகளின் பிற்பாதியில் கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷன் கோபுரம் நின்ற பிறகுதான் இந்தப் பக்கத்துச் சாலிடேர் டிவிக்கும் டயனோரா டிவிக்கும் விடிந்தது. திருப்பூரிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் சுமார் நூறு கிலோமீட்டர், ஏறக்குறைய நேர் தெற்கு. அதனால் ஊரில் எந்தக் கூரையைப் பார்த்தாலும் திசை தெரிந்துவிடும். தெற்கே பார்க்காத ஆண்டெனா இருந்தால் அந்த வீட்டில் இன்னும் அண்ணனைக் கூப்பிடவில்லை என்று பொருள்.

அந்த மீன்முள் ஆண்டெனா 1926-இல் ஜப்பானில் யாகி, உடா என்ற இரண்டு பேர் உருவாக்கியது. நீளமான கம்பி பின்னால் நின்று அலையைத் திருப்பிவிடும். முன்னால் இருக்கிற குட்டைக் கம்பிகள் அலையை உள்ளே கூட்டிவரும். யாகியை அண்ணனுக்குத் தெரியாது. "குட்டை முன்னால, நெட்டை பின்னால" என்கிற சூத்திரம் மட்டும் தெரியும். தலைகீழாக மாட்டிவிட்டு டிவிக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்த எத்தனையோ வீடுகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆண்டெனா திருப்ப மூன்று பேர் வேண்டும். மாடியில் அண்ணன், ஜன்னலில் ஒரு பையன், டிவி முன்னால் வீட்டுக்கார அம்மா.

"வருதா?"

"வருதுங்ணா!"

"இப்ப?"

"போச்சுங்ணா!"

அம்மா சொன்னது பையன் வழியாக மாடிக்கு ஏறுவதற்குள் அண்ணன் குழாயை இன்னும் கொஞ்சம் தெற்கால திருப்பியிருப்பார். 'வருது' என்பது போன திருப்பத்துக்கான பதில் என்பது கடைசிவரை யாருக்கும் புரியாது. ஒரு வழியாகப் படம் பளிச்சென்று வரும். அவர் கையை எடுத்தால் போய்விடும், வைத்தால் வந்துவிடும். மனித உடம்பும் மின்சாரம் கடத்தும் பொருள்தானே, அதுவும் ஆண்டெனாவில் ஒரு கம்பியாகிவிடுகிறது. 1988 அக்டோபரில் தொடங்கி 1990 ஜூன் வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகாபாரதம் ஓடியபோது, பல அண்ணன்மார் குழாயைப் பிடித்தபடியே வெயிலில் நின்றார்கள். திருதராஷ்டிரனுக்குச் சஞ்சயன் சொன்னதுபோல, ஜன்னல் பையன் போர்க்களத்தை மாடிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் காலைகளில் இன்னொரு சட்டமும் அவர் போட்டிருந்தார். படம் முடிகிறவரை லைன் வீட்டில் யாரும் மிக்சி போடக்கூடாது. "சட்டினி வேணும்னா கிரைண்டர்ல ஆட்டிக்குங்க அம்மிணி!" பெண்கள் இதை ஆண்பிள்ளைத் திமிர் என்றார்கள். திமிர் இருக்கலாம், ஆனால் சட்டம் சரியானதுதான். மிக்சி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசித் தீப்பொறி பறக்கும். அந்தப் பொறியே ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். படத்தில் கோடாக வந்து விழும். கோயம்புத்தூர்க் கிரைண்டரின் மோட்டாருக்குப் பிரஷ் கிடையாது. கோடும் கிடையாது. அண்ணன் இதையெல்லாம் படித்துச் சொல்லவில்லை. இரண்டு வீட்டுச் சட்டினியை ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னார்.

ஒரு அர்ச்சுனனுக்கு இரண்டு அர்ச்சுனன் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார். "பக்கத்துல புதுசா கம்பெனிக் கட்டடம் எழும்பிருக்குதுங்க, அதான் மறைக்குது" என்பார். மறைக்கவில்லை, எதிரொலிக்கிறது. கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், கட்டடத்தில் மோதி 300 மீட்டர் சுற்றிவரும் அலையும் ஒரு மைக்ரோ விநாடி முன்னே பின்னே வந்து சேரும். இருபது அங்குல டிவியில் அந்த ஒரு மைக்ரோ விநாடி கிட்டத்தட்ட எட்டு மில்லிமீட்டர். அசல் அர்ச்சுனனுக்கு வலப்பக்கம் அத்தனை தூரத்தில் நிழல் அர்ச்சுனன் நிற்பான். காரணம் பிசகினாலும் குற்றவாளியை அவர் சரியாகவே பிடித்துவிட்டார். இது அவருடைய வழக்கம்.

கலர் டிவி வந்த பிறகும் அதே கதைதான். பையன் பாட்டுப்பெட்டியின் பெரிய ஸ்பீக்கரை டிவியோடு ஒட்டி வைப்பான், கதாநாயகியின் ஒரு கன்னம் பச்சையாகிவிடும். "அக்கட்டால தள்ளி வைடா கண்ணு" என்று ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு, "அரை மணி நேரம் ஆஃப் பண்ணி வைங்க, டியூப்பு சூடு ஆறட்டும்" என்பார். ஆற வேண்டியது டியூப் அல்ல. ஸ்பீக்கர் காந்தம் டியூப்புக்குள் இருக்கிற இரும்புத் தகட்டைக் காந்தமாக்கியிருக்கும். டிவியைப் போடும்போதெல்லாம் அதை நீக்க ஒரு கம்பிச் சுருள் சில நொடி வேலை செய்யும். அந்தச் சுருளுக்கு மின்சாரம் விடுகிற சின்ன உறுப்பு ஆறினால்தான் அடுத்த முறை விடும். ஆக, ஆற வேண்டும் என்பது உண்மை.

தட்டுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. முஷ்டி கூடாது, உள்ளங்கைதான். மேலே கூடாது, பக்கவாட்டில்தான். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திரை நடுவில் ஒற்றைக் கோடாகச் சுருங்கும் டிவி ஒரு தட்டில் விரிந்துகொள்ளும். படித்தவர்கள் சிரிப்பார்கள். உள்ளே சூட்டில் விரிந்து விரிந்து ஈயப்பற்று விட்டுப்போயிருக்கும். மெக்கானிக் 'டிரை சோல்டர்' என்று சொல்லிக் காசு வாங்குவதும் இதற்குத்தான். தட்டு தற்காலிக வைத்தியம், அவ்வளவே. பின்மூடியை மட்டும் அண்ணன் கழற்ற மாட்டார். கலர் டியூப்புக்குப் போகிற மின்னழுத்தம் 25,000 வோல்ட் அளவில் இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் டியூப்பில் தங்கும். "அது உள் விவகாரமுங்க" என்று சொல்லி எழுந்துவிடுவார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, அந்த மின்னழுத்தத்தைத் தரும் டிரான்ஸ்பார்மரைக் காட்டி "எல்ஓடி போயிருச்சு" என்று சொன்ன மறுநாள், "நான் அன்னிக்கே சொல்லலீங்களா?" என்று தெருவில் கேட்பார்.

அவருடைய வைத்தியம் பலிக்காத நோய் ஒன்றுதான், திரை முழுக்கப் புள்ளி. காக்காய் உட்கார்ந்து கம்பியை வளைத்துவிட்டது என்று கல்லெடுப்பார். அவரைக் கேலி செய்ய முடியாது. 1964-இல் அமெரிக்காவில் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற விஞ்ஞானிகள் தங்கள் ஆண்டெனாவில் தீராத இரைச்சல் கேட்டுப் புறாக்களைத்தான் சந்தேகித்தார்கள். புறாக்களைப் பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தைச் சுரண்டியும் இரைச்சல் நிற்கவில்லை. அது பிரபஞ்சம் பிறந்த காலத்து வெப்பத்தின் மிச்சம். 1978-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. டிவித் திரையின் புள்ளிகளிலும் அந்த மிச்சம் சிறு பங்கு உண்டு. அண்ணனுக்குக் காக்காய்தான் கிடைத்தது.

1993-இல் சன் டிவி வந்து, கேபிள் வந்து, மாடி ஆண்டெனாக்கள் துணி காயப்போடும் கம்பமானபோது அவர் வேலை இழப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவசத் திட்டத்தில் லைன் வீடுகளுக்கெல்லாம் 14 அங்குலக் கலர் டிவி வந்தது. ஒரே கேபிளை ஸ்பிளிட்டர் போட்டுப் பிரித்தார்கள். இரண்டாகப் பிரித்தால் சிக்னல் பாதி. மூன்று முறை பிரிந்து கடைசி வீட்டுக்குப் போகும்போது எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. கடைசி வீட்டுக்காரர் அண்ணனைத்தானே கூப்பிட வேண்டும்? 2011-இல் நல்லூர் நகராட்சி திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. இவருடைய எல்லையில் ஒரு வீடும் குறையவில்லை.

இப்போது அந்தக் கடைசி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் பையன்கள் நான்கு பேர். யாரோ விட்டுப்போன இலவச டிவியில் பாட்டுச் சத்தம் வருகிறது, படம் இல்லை. செட்டாப் பெட்டியின் பின்னால் மஞ்சள் பின் தளர்ந்திருக்கிறது; சத்தத்துக்குச் சிவப்பும் வெள்ளையும், படத்துக்கு மஞ்சள் ஒன்றுதான். அண்ணன் பனியன் வேஸ்ட்டால் அதைத் துடைத்து, அரைத் திருகு கொடுத்து அழுத்துகிறார். ஒடியா சினிமாப் பாட்டு ஒன்று விரிகிறது. ஒரு சொல்லும் புரியாமல் பாட்டு முழுவதும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டீ டம்ளரைக் கீழே வைத்துச் சொல்கிறார்: "கலரு கொஞ்சம் தூக்கலா இருக்குது தம்பி. ரிமோட்ட எடு."